எல்லாரும் ‘சிஸ்டர்’ என்றுதான் அழைத்தார்கள். பதிவேட்டில் என் பெயர் இல்லை

2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தேர்வை எழுதிவிட்டு உசிலம்பட்டியில் தேர்வு மையத்தின் வாசலுக்கு வந்தபோது, மஞ்சள் நிறத் துண்டுப் பிரசுரம் ஒன்றை ஒரு பெண் என் கையில் கொடுத்தார். ஒரே ஆண்டில் நர்ஸிங் டிப்ளமா, எந்தக் குரூப் படித்தவர்களும் சேரலாம், 100 சதவீதம் வேலைக்கு உத்தரவாதம் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். என் அப்பத்தா இடுப்பெலும்பு முறிந்து மதுரைப் பெரியாஸ்பத்திரியில் 22 நாள் கிடந்தபோது துணைக்கு இருந்தவள் நான். இரவில் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, வலிக்கிறதா ஆத்தா என்று கேட்டுவிட்டுப் போகும் செவிலியர்களைப் பார்த்துப் பார்த்து, அந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்ற ஆசை எனக்குள் ஊறியிருந்தது. நான் படித்ததோ வணிகவியல் குரூப். அறிவியல் படிக்காதவர்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அந்த மஞ்சள் தாள் கதவைத் திறந்துவிட்டது போல இருந்தது. அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இதை எழுதுவதற்குக் காரணமே அந்தத் தவறான நம்பிக்கைதான். மூன்றாண்டுப் படிப்பான ஜி.என்.எம். செவிலியர் பட்டயத்துக்கும், இரண்டாண்டுப் படிப்பான ஏ.என்.எம். பயிற்சிக்கும் அறிவியல் குரூப் கட்டாயம் அல்ல என்பதை அன்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கொண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 40 சதவீதம் எடுத்திருந்தால் ஜி.என்.எம். சேரத் தகுதி உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் கேட்பது நான்காண்டு பி.எஸ்சி. நர்ஸிங்தான். நான் 1200க்கு 812 எடுத்திருந்தேன். அங்கீகாரம் பெற்ற ஒரு செவிலியர் பள்ளியின் வாசலில் போய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் வாழ்க்கையில் நான்கு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் பக்கம் காலெடுத்து வைத்தது நான்தான். கேட்பதற்கு ஆள் இல்லை, கேட்க வேண்டும் என்பதும் தெரியவில்லை.

அந்தப் பயிற்சி நிறுவனம் மதுரை நகருக்குள் ஒரு வணிகக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. உள்ளே ஓர் எலும்புக்கூட்டுப் படம், இரண்டு கட்டில், ஒரு ரப்பர் பொம்மை, வரவேற்பில் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண். கட்டணம் 42,000 ரூபாய் என்றார்கள். வங்கியில் கல்விக்கடன் கிடைக்குமா என்று அப்பா கேட்டபோது, “எதுக்குண்ணே அந்த அலைச்சல், நாங்களே தவணை போட்டுத் தர்றோமே” என்று அன்பாகச் சொன்னார் அங்கிருந்த அலுவலர். அப்போது அது உதவியாகத் தெரிந்தது. இன்று அந்த வாக்கியத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. வங்கிகள் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் கல்விக்கடன் கொடுக்கும். அங்கீகாரக் கடிதத்தைத்தான் முதலில் கேட்கும். ஒரு நிறுவனம் உங்களை வங்கிப் பக்கம் போகவிடாமல் தடுக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடன் தேவைப்படாத குடும்பமாக இருந்தாலும், சேரும் முன் அருகிலுள்ள வங்கிக் கிளைக்குப் போய், இந்த நிறுவனத்தின் இந்தப் படிப்புக்குக் கடன் தருவீர்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள். செலவில்லாமல் கிடைக்கும் மிக நல்ல சோதனை அது. அரசு கல்வி உதவித்தொகை இந்தப் படிப்புக்கு உண்டா என்ற கேள்வியும் அதே வேலையைச் செய்யும்.

அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தும், ஊரில் ஒருவரிடம் நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு 50,000 ரூபாய் வாங்கியும் ஜூலையில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையும் மாற்றுச் சான்றிதழையும், சரிபார்த்துவிட்டுத் தருகிறோம் என்று அசலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையெழுத்திட்ட ரசீது ஒன்றும் தரவில்லை. வகுப்பு மூன்று மாதம் நடந்தது. உடலுறுப்புகளின் பெயர்கள், இரத்த அழுத்தம் பார்ப்பது, கட்டுப் போடுவது ஆகியவற்றோடு அது முடிந்தது. அக்டோபரில் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துச் சிறிய தனியார் மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது 20 படுக்கை கொண்ட ஓர் இடம். 11 மாதம் அங்கே சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தேன். வாரத்தில் மூன்று இரவுப் பணி. அந்த மருத்துவமனையில் பதிவு பெற்ற செவிலியர் ஒருவர்கூட இல்லை என்பதும், எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த அக்காவே என்னைப் போல ஒரு மாடியில் படித்து வந்தவர் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. நோயாளிகள் எங்கள் எல்லாரையும் சிஸ்டர் என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மனம் நிறைந்தது. அதனால் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

2015 மார்ச் மாதம் ஓர் இரவு நடந்ததை இன்றும் நினைத்தால் கை விறைக்கிறது. காய்ச்சலோடு சேர்க்கப்பட்டிருந்த ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு, அதன் மூடியை ஒரு கையிலும் சிரிஞ்சை மறு கையிலும் பிடித்து மூடப் போனேன். அப்படித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஊசி மூடிக்குள் போகாமல் விலகி இடது கட்டைவிரலில் நகத்துக்குப் பக்கத்தில் ஏறியது. கையுறை இல்லை. ஒரு பொட்டு இரத்தம் வந்தது. அக்காவிடம் சொன்னேன். ஸ்பிரிட் போட்டுத் தேய், ஒன்றும் ஆகாது, டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்றார். மறுநாள் அந்த நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இரத்தத்தில் என்ன இருந்தது என்று அறிய வழியே இல்லாமல் போயிற்று. விடுதியில் பக்கத்துப் படுக்கையில் இருந்த தோழியிடம்கூடச் சொல்லாமல் நான்கு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். ஐந்தாம் நாள் பயம் தாங்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய், அங்குமிங்கும் விசாரித்து, எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும், நம்பிக்கை மையம் என்று பலகை எழுதியிருந்த அறையைக் கண்டுபிடித்தேன்.

அங்கே இருந்த ஆலோசகர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். குத்திய உடனே சோப்பும் ஓடும் நீரும் போட்டுக் கழுவ வேண்டும், அழுத்திப் பிழியவோ ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கவோ கூடாது என்றார். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நான் அந்த நேரத்தைத் தாண்டி வந்திருந்தேன். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தியிருந்தாலும் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம்தான் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதாகப் பரவும் என்றும், அதற்குத் தடுப்பூசி மூன்று தவணை இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு யாரும் அதைப் போடச் சொன்னதில்லை. பிறகு அவர் கேட்ட கேள்வியை இன்றும் அப்படியே சொல்ல முடியும். “ஏம்மா, நீ என்ன படிக்கிற? ஒங் கோர்ஸ முடிச்சா எந்தக் கவுன்சில்ல பதிவாகும்?” எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. இலவசமாக இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பின்னர் ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மறுபடி சோதித்தார்கள். எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. அந்த மூன்று மாதமும் என் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்துக்கொண்டேன். அது தேவையே இல்லை என்று அவர் சொல்லியும் மனம் கேட்கவில்லை.

மருத்துவமனையில் வேலைக்கு என்று யார் உங்களை அனுப்பினாலும், நோயாளியைத் தொடும் முன்னரே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவதும், ஆறாம் மாதத்தில் மூன்றாவதும் போட வேண்டும். பயன்படுத்திய ஊசியை மூடாதீர்கள். அப்படியே ஊசிக்கென்று உள்ள குத்துத் தாங்கும் பெட்டியில் போடுங்கள். அந்தப் பெட்டி இல்லாத வார்டில் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் தகுதி உள்ளவர் இருக்கமாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். குத்திவிட்டால் யார் திட்டினாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆலோசகரின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தாலும், பணம் கட்டியாயிற்று, முடித்துவிடுவோம் என்று 2015 செப்டம்பர் வரை இருந்தேன். கையில் கிடைத்த சான்றிதழ் தடித்த தாளில் தங்க நிற ஓரத்தோடு அழகாக இருந்தது. மேலே டெல்லி முகவரி ஒன்று. கீழே சிங்கத் தூண் போலத் தோன்றும் ஒரு முத்திரை. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தால் அது வேறு ஏதோ ஒரு சின்னம். அதில் செவிலியர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஹெல்த் அசிஸ்டன்ட் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு அதே சிறிய மருத்துவமனையில் மாதம் 4,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். நியமன ஆணையும் இல்லை, வருங்கால வைப்புநிதியும் இல்லை. 2016 ஜூனில் நகரின் ஒரு பெரிய மருத்துவமனைக்கு நேர்முகத்துக்குப் போனேன். மனிதவளப் பிரிவில் இருந்தவர் சான்றிதழை ஒரு முறை புரட்டிவிட்டு, கவுன்சில் பதிவு எண் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை, கேலி செய்யவும் இல்லை. இதுபோல மாதத்துக்கு இருபது பேர் வருகிறார்கள் என்று வருத்தத்தோடு சொல்லி, வேண்டுமானால் வார்டு உதவியாளராகச் சேரலாம் என்றார். அரப்பாளையம் பேருந்து நிலையத்தில் மூன்று தேனிப் பேருந்துகளைப் போகவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்தப் பதிவு என்பது இதுதான். 1926ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ் இயங்குவது இன்றைய தமிழ்நாடு செவிலியர், தாதியர் (பிரசவம் பார்ப்பவர்கள்) கவுன்சில். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்ஸிங் ஆகிய படிப்புகளை அங்கீகாரம் பெற்ற இடத்தில் முடித்தவர்களின் பெயர் அதன் பதிவேட்டில் ஏறும், எண் கிடைக்கும். நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்தது. அதற்கு மாற்றாக ஓர் ஆணையம் அமைக்க 2023இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. இரண்டு கவுன்சில்களும் அங்கீகரித்த பள்ளி, கல்லூரிகளின் பட்டியலை இணையத்தில் வெளியிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சேரக்கூடிய ஓராண்டு நர்ஸிங் டிப்ளமா என்ற ஒன்று அவற்றில் கிடையாது. பட்டியலில் பார்க்கும்போது நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் சேரப் போகும் படிப்பின் பெயரும் நடப்புக் கல்வியாண்டும் அதே வரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு படிப்புக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு, அதே பலகையின் கீழ் அங்கீகாரம் இல்லாத வேறு மூன்று படிப்புகளை நடத்துகிற இடங்களும் இருக்கின்றன.

நிறுவனத்துக்குப் போய்ச் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டேன். நிலுவை என்று 15,000 ரூபாய் கேட்டார்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தபோது, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், நீ சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அது முடியும் தறுவாயில் இருக்கிறது, ரசீதும் உன்னிடம் பாதிக்குத்தான் இருக்கிறது என்றார். பணத்தை மறந்துவிட்டுச் சான்றிதழையாவது மீட்போம் என்று, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுத்தேன். வரிசையில் நான்கு மணி நேரம் நின்றேன். மூன்று வாரத்தில் நிறுவனத்திலிருந்து அவர்களே கூப்பிட்டு, ஒரு ரூபாய் வாங்காமல் எல்லாவற்றையும் கொடுத்தார்கள். அசலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அஞ்சி மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் பெண்களை எனக்குத் தெரியும். மதிப்பெண் பட்டியல் போய்விட்டாலும் தேர்வுத் துறையில் மறுநகல் வாங்க முறை இருக்கிறது. அந்தப் பயத்தால் யாரும் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 42,000, சீருடையும் காலணியும் புத்தகமும் 5,500, பதினான்கு மாத விடுதி வாடகை 25,200, தேர்வுக் கட்டணம் என்று வாங்கியது 3,000. ஆக 75,700 ரூபாய். 50,000 ரூபாய்க் கடனுக்கு மூன்று ஆண்டில் கட்டிய வட்டி மட்டும் 54,000. டிராக்டர் ஓட்டிக் கூலி வாங்கும் குடும்பத்திலிருந்து 1,29,700 ரூபாய் இப்படிப் போயிற்று. அப்பா என்னை ஒரு சொல் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

கடனை அடைக்க 2016 ஆகஸ்டில் வீட்டில் தங்கி முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு முகவர் வழியாகப் போனேன். கே.கே. நகரில் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் குழறியிருந்தது. நான் போனபோது அவருக்கு முதுகின் அடியில், வால் எலும்பின் மேல், பத்து ரூபாய் நாணயம் அளவுக்குப் படுக்கைப்புண் இருந்தது. வாரம் ஒருமுறை வந்த பிசியோதெரபிஸ்ட்டும், கட்டு மாற்ற வந்த பதிவு பெற்ற செவிலியரும்தான் எனக்கு உண்மையான ஆசிரியர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம், மல்லாக்க என்று மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு மணியையும் பக்கத்தையும் குறித்துக்கொண்டே வந்தேன். இழுக்காமல் விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்துவது, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வைப்பது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்தி, கொடுத்த பின்னும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருப்பது எல்லாம் அங்கே கற்றவை. ஏழு வாரத்தில் அந்தப் புண்ணின் ஓரங்கள் இளஞ்சிவப்பாகக் கூடி மூடியது. கண்ணாடியில் அதைக் காட்டியபோது அவர் இடக்கையால் என் தலையில் தட்டினார். ஒரு வருடமாக என்னை நானே வெறுத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த வேலை எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் மறுபடி நம்பிக்கை வந்தது.

பராமரிப்பு உதவியாளர் வேலை எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல. வார்டிலும் வீட்டிலும் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டுவது, நடக்க வைப்பது, கவனித்ததைச் சரியாகச் சொல்வது என்று அதற்குரிய திறமை பெரியது. அதற்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட் என்ற பெயரில் சுகாதாரத் துறைத் திறன் குழுமத்தின் முறையான சான்றிதழ் இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் கட்டணமில்லாமலும் கற்றுக்கொடுக்கிறார்கள். அதைச் செவிலியர் படிப்பு என்று சொல்லி விற்பதுதான் அநியாயம். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் முகவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. என் விஷயத்தில் குடும்பம் மாதம் 19,000 கொடுத்தது. எனக்கு வந்தது 12,000. அந்த வித்தியாசமே ஐந்து மாதம் கழித்துத்தான் தெரியும். முதல் மாதச் சம்பளத்தை வைப்புத்தொகை என்று பிடித்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. குடும்பம் கொடுக்கும் தொகை எவ்வளவு, எனக்கு எவ்வளவு, வார விடுப்பு எந்த நாள், இரவில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூக்கம், சமையலும் பாத்திரமும் என் பொறுப்பா என்பதைப் போகும் முன்னரே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் போட்டுவிடு, குழாயைச் செருகிவிடு என்று வீட்டார் அன்பாகத்தான் கேட்பார்கள். பதிவு இல்லாதவர் அதைச் செய்து ஏதேனும் நேர்ந்தால் நமக்காக நிற்க ஒருவரும் வரமாட்டார்கள். முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

கட்டு மாற்ற வந்த செவிலியர் அக்கா ஒருநாள் தம் பதிவுச் சான்றைக் கைப்பேசியில் காட்டினார். செவிலியர், தாதி என்று இரண்டுக்கும் தனித்தனி எண்கள் அதில் இருந்தன. “ஒனக்கு இன்னும் வயசு இருக்குடி, 35 வரைக்கும் சேரலாம்” என்றார். வட்டிக்கடனை 2017 நடுவில் அடைத்து, ஒரு வருடம் பணம் சேர்த்து, 2018இல் பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஜி.என்.எம். பள்ளியில் சேர்ந்தேன். இம்முறை பட்டியலில் பெயரைப் பார்த்த பிறகு, அந்தப் பள்ளி மாணவிகள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனைக்கே போய் மூன்றாமாண்டுப் பெண்கள் இருவரிடம் பேசிவிட்டு, அதன் பின்னர்தான் பணம் கட்டினேன். வங்கியில் 2 லட்சம் கல்விக்கடன் கிடைத்தது. 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. வகுப்பில் எல்லாரையும்விட நான்கு வயது மூத்தவளாக இருந்தது முதல் மாதம் கூச்சமாக இருந்தது. இரண்டாமாண்டில் கொரோனா வந்தது. 2022இல் என் பெயர் பதிவேட்டில் ஏறியது. முதல் சம்பளம் 16,000 ரூபாய்.

இந்தத் துறையில் செவிலியர் பணி மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தே நான் ஏமாந்தேன் என்பதால், பார்த்துத் தெரிந்துகொண்ட மற்றவற்றையும் சொல்கிறேன். ஏ.என்.எம். முடித்தவர்கள் துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதாரச் செவிலியர்களாக வரலாம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கு ஆகியவற்றின் நுட்பப் பணிகளுக்கு 2021இல் தேசியச் சட்டம் ஒன்று வந்திருப்பதால், அவற்றிலும் அங்கீகாரத்தைக் கேட்காமல் சேரக் கூடாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்து இரண்டாண்டு பயிற்சி தருகிறது. பயிற்சிக்கு நம்மிடம் பணம் கேட்கிறார்களா, நமக்குக் கொடுக்கிறார்களா என்று ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றாமல் போனது. இரத்தத்தைப் பார்த்தால் மயங்குகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. நம்பிக்கை மையத்தில் என்னைத் தேற்றிய ஆலோசகர் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர். எந்தப் பட்டம் முடித்தவர்களும் சேரக்கூடிய இரண்டாண்டு சமூகப்பணிப் படிப்பு அது; மதுரையில் அழகர்கோவில் சாலையிலேயே அதற்கான கல்லூரி இருக்கிறது. மருத்துவமனைச் சமூகப் பணியாளர், குழந்தைப் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான உதவி மையம், முதியோர் உதவி எண் 14567 போன்ற சேவைகள் என்று அவர்கள் பணியிடம் விரிகிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் ஆக விரும்புகிறவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவைக் கேட்க வேண்டும். துறை மாறினால் பதிவேடு மாறும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்தப் பதிவேட்டில் ஏறும்?

வெளிநாட்டு வேலைக்கும் இதே கேள்வி பொருந்தும். 2023இல் ஒருவர், பிரிட்டனில் பராமரிப்பாளர் வேலை வாங்கித் தருகிறேன், 6 லட்சம் கட்டு என்றார். இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் என்பதை அதற்குள் அறிந்திருந்தேன். அவரது பதிவு எண்ணைக் கேட்டேன். அதன் பின் அவர் அழைக்கவில்லை. அந்த நாட்டில் பராமரிப்பாளர் வேறு, பதிவு பெற்ற செவிலியர் வேறு. பராமரிப்பாளர்கள் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்வதை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக அவர்களை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்றும் அந்த வேலைக்கு ஒருவர் பணம் கேட்டால், நிற்காமல் திரும்பிவிடுங்கள். வளைகுடா நாடுகளுக்குச் செவிலியராகப் போக நினைப்பவர்களுக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

சென்ற மே மாதம் என் சித்தி மகள் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வீட்டுக்கு வந்தாள். ஓராண்டு ஆய்வகப் படிப்பு, உடனடி வேலை. சித்தப்பா ஏற்கெனவே 5,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை தேர்வு நடத்துகிறது என்று கேட்டோம். நேரில் வாருங்கள் சொல்கிறோம் என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. நேரில் போனபோது முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். நல்ல வேளையாக அவள் அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருக்கவில்லை, நகல்தான் கொடுத்திருந்தாள். அறிவியல் குரூப் படித்தவள் என்பதால் ஜூன் மாதம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் இரண்டாண்டு ஆய்வக நுட்பப் பட்டயத்துக்கு விண்ணப்பித்தாள். ஹெபடைட்டிஸ் பி முதல் ஊசியை அந்த வாரமே என் செலவில் போட்டுவிட்டேன்.